ஆயிரம் மைல் கடந்த தம்பதிகள்

கோடை விடுமுறை வந்ததும் குழந்தை குட்டிகளுடன் புகைவண்டியேறித் தென்னாடு சென்று, உற்றார் உறவினரைக் கண்டு மீளுகிறோம். கையில் பயணச்சீட்டு இருந்தால் நம்மைத் தடுப்பார் எவருமில்லை. இருப்புப்பாதை அலுவலகத்திலேயே காலங்கழிக்கும் நமக்கு அச்சீட்டின் அருமையை உணர்த்தியது, அமெரிக்காவில் அடிமைகளாய்ப் பிறந்த வில்லியம் கிராஃப்ட், எல்லன் கிராஃப்ட் தம்பதிகளின் வரலாறேயாகும்.

வில்லியம் 1824-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய எஜமானன் தாயையும் தந்தையையும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்றான். பின்னர்க் கடனுக்காக வில்லியமும் அவருடைய தங்கையும் ஏலம் விடப்பட்டனர். தங்கையிடம் விடைபெற மன்றாடியும் அனுமதி கிட்டவில்லை.

எல்லன் 1826-இல் பிறந்தார். தந்தை வெள்ளை எஜமானன்; தாய் மரியா அவனுடைய அடிமை. தாய் அடிமையாயின் மகவும் அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம். வெண்ணிற மேனியரான எல்லனை வந்தோரெல்லாம் அவ்வீட்டு மகளென்றே கருதினர். அதனால் வெகுண்ட எஜமானி, அவரைப் பதினோராம் வயதில் தன் மகளுக்குத் திருமணச் சீதனமாகக் கொடுத்துவிட்டாள்.

மேகன் நகரில் 1846-இல் இருவரும் இல்லறம் ஏற்றனர். அம்மணத்திற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பிறக்கும் குழந்தையும் எஜமானனின் உடைமையே, வேண்டும்போது விற்கலாம். தளையில் இருந்தவாறே தாயாக எல்லனின் உள்ளம் ஒப்பவில்லை.

1848 டிசம்பரில் ஓர் உபாயம் கண்டனர். எல்லன் கூந்தலைக் கத்தரித்து, உயரத் தொப்பியும் பச்சைக் கண்ணாடியும் அணிந்து, நோயுற்ற வெள்ளைக் கனவானாக வேடம் பூண்டார். எழுத்தறியாமையால் கையெழுத்திட நேருமே என்றஞ்சி வலக்கையைக் கட்டித் தொங்கவிட்டார். வில்லியம் அக்கனவானின் ஏவலாளரானார். 21-ஆம் நாள் சவன்னாவுக்கு வண்டியேறினர். எல்லனை நெடுநாள் அறிந்த எஜமானனின் நண்பர் ஒருவர் அருகிலேயே வந்தமர்ந்தார்! எல்லன் செவிடரென நடித்துத் தப்பினார்.

கப்பலும் வண்டியுமாக மாறி மாறிச் சென்று பால்டிமோர் சேர்ந்தனர். அதுவே கடைசித் தடை. அடிமையுடன் வடக்கே செல்வோர் உரிமையை நிரூபிக்க வேண்டுமென்று நிலைய அதிகாரி மறித்தார். புறப்படும் மணி ஒலித்தது. நோயாளியைக் கண்டு மனமிரங்கினாரோ, என் செய்வதென்று மயங்கினாரோ, அவ்வதிகாரி போகவிட்டார். விதிகளோடு நாள்தோறும் உறவாடும் நாம் இவ்விடத்தைப் படிக்கும்போது, மேசைக்கு இப்புறம் நாமே அமர்ந்திருப்பதுபோல் உள்ளம் நடுங்குகிறது. கிறிஸ்துமஸ் காலையில் அடிமைமுறையற்ற பிலடெல்பியாவை அடைந்தனர்.

பின்னர்ப் பாஸ்டனில் குடியேறினர். ஆயினும் தப்பிய அடிமைகளை வடக்கிலும் பிடிக்க 1850-இல் சட்டம் பிறந்தது. ஜார்ஜியாவிலிருந்து இருவர் தேடி வந்தனர். நகரத்து நண்பர்கள் காத்து நின்றனர். அவ்வாண்டு நவம்பரில் பாதிரியார் தியோடர் பார்க்கர் முறைப்படி மணம் செய்வித்தபின் தம்பதிகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். அங்கே கல்வி பயின்றனர். 1852-இல் முதல் மகன் சார்ல்ஸ் பிறந்தான். எவரும் விலைகூற முடியாத குழந்தை! மொத்தம் ஐவர் பிறந்தனர். 1860-இல் தம் பயணத்தை நூலாகவும் வெளியிட்டனர்.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், எல்லன் தம் தாய் மரியாவைத் தேடிக் கண்டு இங்கிலாந்துக்கே வரவழைத்துக் கொண்டார். பின்னர்த் தாயகம் திரும்பிய தம்பதிகள், அன்று மாறுவேடத்தில் வந்திறங்கிய சவன்னாவின் அருகிலேயே நிலம் வாங்கி, விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். எல்லன் 1891-இலும் வில்லியம் 1900-இலும் மறைந்தனர்.

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்துள்ள நமக்குப் பிரிவின் துயர் சிறிது தெரியும். நாம் மனமுவந்து வந்தோம். விரும்பியபோது திரும்பவும் செல்வோம். மனைவி மக்களோடு ஒரே கூரையின்கீழ் உண்டுறங்குவது எத்துணைப் பெரும் பேறு என்பதை இத்தம்பதிகளின் வாழ்க்கை நமக்கு என்றும் நினைவூட்டுவதாக.