இலங்கை கண்ட முஸாஃபிர்: காஜி இப்னு பதூதா

நம் பகுதி மக்கள் வணிகத்தின் பொருட்டு இலங்கைக்குச் சென்று வருவது பல தலைமுறைப் பழக்கம். கொழும்பும் காலியும் புத்தளமும் நம் முன்னோர் வாயில் உள்ளூர்ப் பெயர்களைப் போலவே புழங்கின. ஆயினும் ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர் அதே ஊர்களைக் கண்டு, அவற்றைப் பற்றிய செய்திகளை உலகுக்கு விட்டுச் சென்ற ஒரு முஸாஃபிரின் வரலாற்றை நம்மில் பலர் முழுமையாக அறிந்திலர். பிற சமயத்தார் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் ஒரு முஸ்லிம் பயணி எங்கே தங்கினான், யார் கையால் நீர் அருந்தினான், யாரை நம்பி வழி நடந்தான் என்பவற்றையெல்லாம் அறிய விரும்புவோர்க்கு அவருடைய வாழ்க்கையே ஒரு பெரும் பாடநூலாகும்.

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பதூதா, மொராக்கோ நாட்டின் தன்ஜா நகரில் ஹிஜ்ரி 703ஆம் ஆண்டு (கி.பி. 1304) பிறந்தார். காஜிகள் பலர் தோன்றிய மாலிகி மத்ஹபைச் சார்ந்த குடும்பம். மார்க்கக் கல்வி பயின்று 21ஆம் வயதில், 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிந்தது தமக்கு நோய் போலிருந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்ப வேண்டியவர், ஈராக், பாரசீகம், யமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி நாடு, நடு ஆசியா எனச் சென்றுகொண்டே இருந்தார். 1333ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்து நதியை அடைந்தார்.

தில்லியில் சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தார். ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியம். அது போதாமல் பெருங்கடனும் பட்டார்! கையில் வந்ததைச் செலவழித்துவிடும் இயல்பு அவரிடம் இறுதிவரை இருந்தது. சுல்தானின் கொடையையும் கொடுமையையும் அருகிலிருந்தே கண்டார். சுல்தானின் சினத்திற்கு ஆளாகிக் கொல்லப்பட்ட ஷைகு ஷிஹாபுத்தீன் அவர்களைச் சந்தித்து வந்தார் என்பதற்காக இவரும் காவலில் வைக்கப்பட்டார். நோன்பும் திக்ரும் தொழுகையுமாக அந்நாட்களைக் கழித்தார். அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பியதும் பதவியைத் துறந்து, உடைமைகளைத் தானமளித்து, ஒரு துறவி போல் சில மாதங்கள் வாழ்ந்தார். பிறகு அதே சுல்தான் அழைத்துச் சீன நாட்டுக்குத் தூதராகச் செல்லுமாறு பணித்தபோது, அதை மறுக்கவில்லை.

தூதுக் குழு மேற்குக் கரை வழியாகக் கோழிக்கோடு நோக்கி இறங்கியது. மலபார் வழியைப் பற்றி அவர் தரும் செய்திகள் நம் கவனத்திற்குரியவை. கோவாவை அடுத்த பகுதியிலிருந்து கொல்லம் வரை இரண்டு மாத நடைப் பயணம். அரை மைலுக்கு ஒன்றாக மரத்தாலான தங்குமிடங்கள், அவற்றில் திண்ணைகள், அருகே கிணறு, நீர் வார்க்க ஓர் ஆள். எல்லாச் சமயத்தாரும் அங்கே இளைப்பாறலாம். ஆயின் இந்துக்களுக்குக் கலத்தில் நீர் தருவர். முஸ்லிம்களுக்குக் கையில் வார்ப்பர். முஸ்லிம்களை வீட்டினுள் அனுமதிப்பதோ, தம் பாத்திரத்தில் உணவளிப்பதோ இல்லை. முஸ்லிம்கள் வசிக்காத ஊராயின், சமைத்து வாழையிலையில் பரிமாறுவர். ஆனால் அவ்வழியின் ஒவ்வொரு தங்கலிலும் முஸ்லிம் வீடுகள் இருந்தன. வழிப்போக்கர் அங்கே தங்கி, வேண்டியதை வாங்கிச் சமைப்பித்து உண்டனர். அவ்வீடுகள் இல்லையேல் எந்த முஸ்லிமும் அந்நாட்டில் பயணம் செய்திருக்க இயலாது என்பது அவருடைய கணிப்பு. அந்த வீட்டார் பெயர் எதுவும் வரலாற்றில் இல்லை. ஆயினும் இஸ்லாமிய நாகரிகத்தின் வழித்தடம் அவர்களுடைய அடுப்படிகளின் மீதே போடப்பட்டிருந்தது எனலாம்.

வழியில் ஹொன்னாவர் என்னும் துறைமுகத்தில் சிறுமியர்க்கென 13 மதரஸாக்களும் சிறுவர்க்கு 23 மதரஸாக்களும் இருக்கக் கண்டார். அவ்வூர்ப் பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்தனர். வேறெங்கும் இவ்வாறு கண்டதில்லை என்று வியந்தார். பெண் கல்வி நமக்குப் புதிது என்று பேசுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோழிக்கோட்டில் உடைமைகளைக் கப்பலில் ஏற்றிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்காகத் தாம் கரையில் தங்கினார். அதற்குள் கடல் கொந்தளித்துச் சீனப் பேரரசருக்கான பரிசுகள் இருந்த பெருங்கப்பல் உடைந்தது. தம் பொருள்கள் இருந்த மற்றொரு கப்பல் இவரை விட்டுவிட்டுச் சென்றுவிட்டது. சுல்தானிடம் திரும்ப அஞ்சி அலைந்தவர் மாலத்தீவை அடைந்தார். அங்கே காஜிப் பதவி, திருமணங்கள், அரசவைப் பூசல்கள். ஜும்ஆவுக்கு வராதோரைத் தண்டித்தார். பெண்களின் உடையைத் திருத்த முயன்று, அதில் வெற்றி கிட்டவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். அங்கிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட கப்பல், வழியறிந்த மாலுமி இன்மையால் திசை தவறி, 1344ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்தது. தொலைவிலேயே கடலிலிருந்து எழும் புகைத்தூண் போல ஒரு மலை தெரிந்தது.

கப்பலில் இருந்தோர் கரையிறங்க அஞ்சினர். அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் எல்லை. அவரோ கடலில் கொள்ளைக் கப்பல்களை உடையவர் என்பது பேச்சு. காற்று மிகவே, இப்னு பதூதா தாம் முதலில் இறங்கி, மஅபர் சுல்தானின் உறவினர் எனத் தம்மை அறிவித்தார். அது பொய்யன்று. மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானியின் மனைவியும் தில்லியில் இப்னு பதூதா மணந்த பெண்ணும் சகோதரியர். புத்தளத்தில் மரக்கோட்டையும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு நகரில் மன்னர் அவரை எழுந்து வரவேற்று அருகில் அமர்த்தினார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கிற்று. இந்து மன்னரும் மக்ரிப் நாட்டு முஸ்லிமும் தத்தம் தாய்மொழியல்லாத மூன்றாவது மொழியில் அயல்நாட்டு அரசர்களைப் பற்றி உரையாடி மகிழ்ந்தனர். கரையெங்கும் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட இலவங்கப்பட்டை குவிந்து கிடந்தது. மஅபர், மலபார் மக்கள் அதை விலையின்றி ஏற்றிச் சென்று, பதிலாக மன்னருக்குத் துணிகளை அன்பளிப்பாகத் தந்தனர்.

ஒரு நாள் மன்னர் முன்னிலையில் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். மன்னர் சில முத்துக்களை வழங்கி, வேண்டியதைக் கேட்குமாறு கூறினார். ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு எனப்படுவதை ஜியாரத் செய்வதொன்றே தம் நாட்டம் என்றார் இப்னு பதூதா. மன்னர் பல்லக்கும், அதைச் சுமக்க ஆட்களும், நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும், தம் பரிவாரத்தினர் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் துணையாக அனுப்பினார். யோகிகள் ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்பவர்கள், வழியறிந்தவர்கள். முஸ்லிம் காஜி ஒருவர் யோகியரும் பிராமணரும் வழிகாட்ட ஜியாரத்துக்குச் சென்ற அக்காட்சியை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள்!

மூங்கில் தெப்பத்தில் ஆற்றைக் கடந்து, சிலாபம் வழியாகக் காடும் மேடுமான நிலத்திற்குள் நுழைந்தனர். யானைகள் மிகுந்த பகுதி. பன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஷீராஸ் நகரத்து ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) அவர்களே அவ்வழியை முஸ்லிம்களுக்குத் திறந்துவிட்டார் என்பது அங்கு வழங்கிய செய்தி. பசியால் யானைக்கன்றைக் கொன்று உண்ட தோழர்களை யானைகள் கொன்றுவிட, உண்ணாதிருந்த ஷைகை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர் சேர்த்ததாம். அதன்பின் அந்நாட்டார் முஸ்லிம்களை இல்லங்களில் அனுமதித்து உடனுண்ணலாயினர். ஷைகின் பெயரைப் பெரிதும் மதித்தனர். கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் பொறுப்பு. மலபாரில் கையில் வார்க்கப்பட்ட நீரைக் குடித்தவர், இங்கே ஒரே வீட்டில் அமர்ந்து உண்ணும் வழக்கத்தைக் கண்டார் என்பதே நாம் கருதத்தக்கது.

தலைநகரான குனகாருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷைகு உஸ்மான் அவர்களின் பள்ளிவாசல் இருந்தது. குனகார் என்பது குருநாகலா, கம்பளையா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரசரும் மக்களும் ஷைகைக் காண வந்து மரியாதை செலுத்தினர். பாதமலைக்கு வழிகாட்டியாக இருந்த அப்பெரியவர், ஒரு முறை பசுவை அறுத்தமையால் கையும் காலும் துண்டிக்கப்பட்டார். அந்நாட்டுச் சட்டப்படி அக்குற்றத்திற்கு உயிர்த் தண்டனை. அவர்மீதிருந்த மதிப்பினால் அதைக் குறைத்து, ஒரு சந்தையின் வருவாயையும் அவருக்கு ஒதுக்கினர். அவருடைய மக்களும் பணியாளரும் வழிகாட்டும் பணியைத் தொடர்ந்தனர். கொடுமையும் மதிப்பும் கலந்த இச்செய்தியை இப்னு பதூதா எதையும் மறைக்காமல் கூறுகிறார். பல சமயத்தார் வாழும் நாட்டில் சட்டம் அறியாது நடப்பதன் விளைவையும், மன்னிப்பின் எல்லையையும் அவர் காலத்தவர் இவ்வாறுதான் கற்றனர்.

மலையேற்றம் கடினமானது. மரங்களிலும் புற்களிலும் இருந்து மேலே பாயும் அட்டைகள். அவற்றை உதிர்க்க எலுமிச்சைச் சாற்றை வழிப்போக்கர் கையோடு வைத்திருந்தனர். மேலே செல்ல இரு வழிகள்: ஆதம் (அலை) பெயரால் பாவா வழி, ஹவ்வா (அலை) பெயரால் மாமா வழி. முன்னது செங்குத்தானது, பாறையில் அடித்த முளைகளில் இரும்புச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதனை எட்டியவர் கீழே நோக்கியதும் அச்சத்தால் கலிமா மொழிவராம். மேகங்கள் காலுக்குக் கீழே கிடந்தன. அதற்கும் அப்பால் கிள்ரு (அலை) பெயரால் அமைந்த குகையில் மூன்று நாட்கள் தங்கிக் காலையும் மாலையும் சுவடு இருக்கும் உச்சிக்குச் சென்றுவந்தார்.

2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையை நம்மவர் பாவா ஆதம் மலை என்பர். பௌத்தர் ஸ்ரீபாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும் போற்றுவர். ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடத்தின் பெயரைத் திருக்குர்ஆன் கூறவில்லை. ஸரந்தீப் என்பது முற்கால ஆசிரியர்கள் எடுத்துரைத்த அறிவிப்புகளில் வருவது. எனவே அதனை ஈமானின் பகுதியாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. ஒரே உச்சியில் மூன்று சமூகத்தார் பல நூற்றாண்டுகளாக ஏறியிறங்கினர் என்பது மட்டும் ஐயத்திற்கிடமற்ற வரலாறு.

திரும்பும் வழியில் தெவிநுவரையின் பெருங்கோயிலையும், காலியையும், தீவின் மிகச் சிறந்த நகரங்களுள் ஒன்றென அவர் பாராட்டிய கொழும்பையும் கண்டார். கொழும்பில் கடற்றலைவர் ஒருவரிடம் அபிசீனியர் 500 பேர் பணியாற்றினர். தெவிநுவரைக் கோயிலைப் போர்த்துகீசியர் 1588இல் அழித்தனர். இங்கே ஒன்று கூற வேண்டும். இப்னு பதூதாவுக்கு 65 ஆண்டுகள் பின்னர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டொன்றை இலங்கையில் நிறுவினார். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் குறிக்கப்பட்டன. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கொழும்பு செல்வோர் கடைவீதியோடு திரும்பாமல் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதனைக் காண்பது நன்று.

புத்தளத்திலிருந்து மஅபர் நோக்கிப் புறப்பட்ட கப்பல் நம் கரையருகே தரைதட்டி உடைந்தது. உடன் வந்த பெண்களையும் தோழர்களையும் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, இரவு முழுதும் கப்பலின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். விடிந்ததும் அக்கரையின் இந்துக்களே படகில் வந்து காப்பாற்றினர்.

ஆனால் அவரை வரவேற்ற சுல்தான் கியாஸுத்தீனின் பாசறையில் கண்டவை அவர் நெஞ்சை உலுக்கின. காட்டில் பிடிபட்ட இந்துக்களை, அவர்களே சுமந்து வந்த கழுமரங்களில் ஏற்றினர். பெண்களும் சிறுவர்களும் தப்பவில்லை. ஒரு நாள் சுல்தானுடன் உணவருந்துகையில் ஒருவனும் அவன் மனைவியும் ஏழு வயதுச் சிறுவனும் கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறெந்த அரசரும் செய்யக் கண்டிராத இழிசெயல் இது என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்தார். சுல்தான் அவருக்கு உறவினர்; விருந்தளித்தவர்; ஒரே மார்க்கத்தார். அவற்றுள் எதுவும் அவரது சாட்சியத்தை மாற்றவில்லை. அந்நிய சமயத்து மன்னரின் விருந்தோம்பலையும் தம் உறவினரின் கொடுமையையும் ஒரே நாவால் கூறியமையே அவரைக் காஜியென்று அழைக்கத் தகுதியளிக்கிறது என்பது என் எண்ணம்.

மரத்தாலான பெரிய மண்டபம் கடலினுள் எழுப்பப்பட்டிருந்த பட்டணம் என்னும் துறைமுகத்தில் சில நாட்கள் தங்கினார். அது இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினமாக இருக்கலாம் என்பர் ஆய்வாளர் சிலர். மதுரையில் கொள்ளைநோய் பரவி, சுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவும் காய்ச்சலில் வீழ்ந்து, புளியைக் கரைத்துக் குடித்துத் தேறினார். மீண்டும் மேற்குக் கரையில் கடற்கொள்ளையர் அனைத்தையும் பறித்தனர். இலங்கையில் கிடைத்த முத்தும் மணியும் போயின. உடுத்த கால்சட்டையோடு கோழிக்கோட்டின் பள்ளிவாசலை அடைந்தார்.

பிறகு வங்காளம், சுமத்ரா, சீனம். தாயகம் திரும்பும் வழியில் திமிஷ்கில், தந்தை 15 ஆண்டுகளுக்கு முன்னரே வஃபாத்தான செய்தி கிடைத்தது. 1349இல் மொராக்கோவை நெருங்குகையில், தாயாரும் சில மாதங்கள் முன் கொள்ளைநோயில் இறந்ததை அறிந்தார். 24 ஆண்டுகள் கழித்து வந்தவருக்குத் தாயின் கப்ரை ஜியாரத் செய்வதே வாய்த்தது. அதன்பின் ஸ்பெயினின் கிரனாடாவுக்கும், சஹாரா கடந்து மாலி நாட்டுக்கும் சென்றார்.

சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதிய ரிஹ்லா 1355இல் முடிவுற்றது. குறிப்புகளில் பலவற்றைக் கொள்ளையரிடம் இழந்தவர், பெரும்பாலும் நினைவிலிருந்தே கூறினார். ஆதலால் நாள்களும் வழிகளும் சில இடங்களில் பிறழ்கின்றன. சில நாடுகளுக்கு அவர் சென்றதையே ஐயுறுவோர் உண்டு. அரசவையிலேயே பலர் நம்ப மறுத்ததை இப்னு கல்தூன் குறித்துள்ளார். ஆயினும் இலங்கை, மலபார் பற்றிய பகுதிகளில் ஊர்ப்பெயர்களும் வழக்கங்களும் பெரிதும் பொருந்தி வருகின்றன.

இறுதி ஆண்டுகளில் மொராக்கோவின் ஓர் ஊரில் காஜியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 770ஐ ஒட்டி (கி.பி. 1368 அல்லது 1369) வஃபாத்தானார். தன்ஜா நகரின் பழைய தெருவொன்றில் அவரது கப்ரு எனச் சிறு அறையொன்றைக் காட்டுகின்றனர்.