அரிப்புக் கரையில் ஓர் இடிந்த மாளிகை

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் அரிப்பில், கடல் தின்றது போக மிஞ்சிய செங்கல் சுவர்கள் சில நிற்கின்றன. அல்லிராணிக் கோட்டை என்பார்கள் அங்குள்ளவர்கள். கதையில் வரும் அல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலங்கையின் முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரடெரிக் நார்த், முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய மாளிகை அது. பூச்சுக்குச் சிப்பி சுட்ட சுண்ணாம்பு.

நார்த் 1766-இல் பிறந்தவர். அமெரிக்காவைப் பறிகொடுத்த பிரிட்டிஷ் பிரதமரின் மகன். அவர் பதவியேற்ற 1798-இல் முத்துக்குளிப்பு அரசுக்குப் பெரும் பணம் ஈட்டித் தந்தது. நம் கரையிலிருந்து போன பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் கல்லைப் பற்றிக் கடலுக்குள் இறங்கி, மூச்சடக்கி அள்ளிய பணம். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நார்த்தை வெறும் கொள்ளைக்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. சாதிக்குச் சாதி சுமத்தப்பட்ட ராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்து, வரியாக மாற்ற முயன்றார். பிற்காலத்தில், 1824-இல், கோர்பு தீவில் கிரேக்க மாணவர்களுக்காகக் கல்விக்கழகம் நிறுவினார். ஆனால் யாழ்ப்பாணத்தில் நளவரும் பள்ளரும் வெள்ளாளரின் அடிமைகளாக இருந்தார்கள். அந்த முறை அவர் ஆட்சியிலும் அப்படியே நீடித்தது.

1805-இல் அவர் நாடு திரும்பினார். மறு ஆண்டே, அடுத்து வந்த மெயிட்லண்டின் அரசு அந்த அடிமைகளைப் பதிவுசெய்யச் சட்டம் போட்டது. எந்த அடிமை எந்த எஜமானுக்கு உடைமை என்று எழுதிவைக்கும் பதிவு அது! நார்த் 1827-இல் இறந்தார். இலங்கையில் அடிமைமுறையைச் சட்டம் ஒழித்தது 1844-இல்தான்.