குன்றுகளைப் படித்த ஆசிரியர்

வங்கக் கடலோரத்தில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த பழம்பதி மரக்காணம். கோடையில் அங்குச் செல்வோர், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பாத்தி பாத்தியாக உப்பு விளைந்திருப்பதையும், உப்பளத் தொழிலாளர் அதனை வாரிக் குவிப்பதையும் காண்பர். கார்காலம் தொடங்கியதும் அத்தொழில் ஓய்ந்துவிடும். மழை விட்டுப் பனிக்காலம் பிறக்கும்பொழுது கழுவெளி ஏரியில் நீர் நிறைந்து நிற்கும். தொலைநாட்டுப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும்.

பறவைகளைப் போலவே தொலைநாட்டு மக்களும் இக்கரைக்குப் பண்டு தொட்டு வந்துள்ளனர். சிறுபாணாற்றுப்படையிலே புகழப்பெறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் அறிஞர். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடற்பயண நூலில் வரும் சோபட்மா என்னும் துறைமுகமும் இதுவாகலாம் என்பர். அந்நூல் அதனோடு சேர்த்துக் கூறும் மற்றொரு துறைமுகம் பொதுகே என்பதாகும். அது எங்கே இருந்தது என்னும் வினாவுக்கு விடை காண வழி திறந்தவர், கற்பிப்பதற்காக இந்நாட்டுக்கு வந்து, தாமே இந்நாட்டின் மாணவராகிவிட்ட ஓர் ஆசிரியர். அவரே கபிரியேல் ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

துப்ரேய் 1885-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1909-ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்த பிரெஞ்சுக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். அயல்நாட்டில் பணியாற்றச் சென்றோர் பலர், விடுமுறை கிடைத்ததும் புகழ்பெற்ற இடங்களைக் கண்டு களித்துத் திரும்புதல் இயல்பு. துப்ரேயும் ஊர் பார்க்கப் புறப்பட்டவரே. ஆயினும், கண்டதோடு அவர் அமையவில்லை. கண்டதன் காரணத்தைக் கேட்டார். இக்கோவிலை எழுப்பியவர் யார்? இத்தூண் எக்காலத்தது? இதற்கு முந்தியது எது, பிந்தியது எது? இவ்வினாக்களே அவரை ஊர்தோறும் இட்டுச் சென்றன.

நூல்களில் கிடைக்காத விடையை அவர் உளியேந்திய கைகளிடம் கேட்டறிந்தார். கோவில் கட்டும் தச்சர்களையும் சிற்பிகளையும் அடுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தூணுக்கு மேலே உத்தரத்தைத் தாங்கி நிற்கும் போதிகை ஒன்றைக் கொண்டே காலத்தை உணரலாம் என்று காட்டினார். பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலையலையான வரிகளுடன் விளங்கியது. சோழர் காலத்தில் கோணமாகச் செதுக்கப்பட்டது. பிற்காலத்தில் மலர் மொட்டாகி, முடிவில் வாழைப்பூப் போலத் தொங்கலாயிற்று. இவ்வாராய்ச்சியின் பயனாக 1914-இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. கல்வெட்டில்லாத கோவிலும் தன் வயதைத் தானே சொல்லும் என்பது அந்நூலால் விளங்கிற்று.

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள சிற்றூர் மண்டகப்பட்டு. அங்கே பாறையைக் குடைந்தமைத்த கோவிலின் கல்வெட்டை அறிஞர் உலகுக்கு அறிவித்தவர் துப்ரேயே. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்குமின்றி அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் அக்கோவிலை அமைத்ததாக விசித்திரசித்தன் அதில் கூறுகின்றான். விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். ஆடு மாடு மேய்ப்போர் மழைக்கு ஒதுங்கத்தக்கதாய்க் காணப்படும் ஒரு குகை, தமிழகக் கற்கோவில் வரலாற்றின் முதற்பக்கங்களுள் ஒன்றாயிற்று.

தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் அறிவித்த செய்தியைக் கொண்டு, சித்தன்னவாசல் ஓவியங்களையும் துப்ரேய் ஆராய்ந்தார். அவை பல்லவர் காலத்தன என்பது அவர் கருத்து. நாம் இன்று காணும் ஓவியங்களுட் பெரும்பாலன பாண்டியர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டவை என்பது பின்னர்க் கல்வெட்டால் தெளிவாயிற்று. 1931-ஆம் ஆண்டில் காஞ்சிக் கைலாசநாதர் கோவிலில், சுண்ணாம்புப் பூச்சினுள் மறைந்து கிடந்த பல்லவர் ஓவியங்களை அவர் கண்டறிந்தார்.

1937-ஆம் ஆண்டில் புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேடு என்னும் ஆற்றங்கரை மேட்டில் விளையாடிய சிறுவர்கள் தாம் கண்டெடுத்த மணிகளை அவரிடம் காட்டினர். அவற்றுள் ஒரு கல்லில் மனிதத்தலை ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. அஃது உரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் எனத் துப்ரேய் கருதினார். அம்மேட்டின் அடியில் யவனரோடு வாணிகம் செய்த பழம்பட்டினம் புதைந்துள்ளதென உணர்ந்தார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபொழுது, உரோம நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. பொதுகே இதுவே என்னும் கொள்கை வலுப்பெற்றது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 14-ஆம் நாள் துப்ரேய் புதுச்சேரியிலேயே உயிர் நீத்தார்.

நிற்க. ஒருவரின் வரலாற்றைக் கூறுங்கால் நிறையோடு குறையையும் கூறுதலே முறை. 1920-களில் காஞ்சிப் பகுதியைச் சேர்ந்த யோகினிச் சிற்பங்கள் இவர் வாயிலாகப் பாரிசு நகரத்துக் கலைப்பொருள் வணிகர் ஒருவரிடம் சென்றன. ஒரே வரிசையில் அமர்ந்திருக்க வேண்டிய அத்தெய்வ வடிவங்கள், கடல் கடந்து, வெவ்வேறு நாட்டு அருங்காட்சியகங்களில் பிரிந்து அமர்ந்தன. அவற்றின் அருமையை நன்கறிந்தவரே அவை பெயர்வதற்கும் வழியானார் என்பது வருந்தத்தக்கது. பொருளின் மதிப்பை அயலார் அறிந்திருந்தனர். உரியவராகிய நாம் அறியாதிருந்தோம். அறியாதவன் கைப்பொருள் அறிந்தவன் கைக்கு மாறுதல் உலக இயல்பன்றோ?

மாணவர்களே! உங்கள் ஊரிலும் சிதைந்த மண்டபமோ, எழுத்துப் பொறித்த கல்லோ, பானையோடு நிறைந்த மேடோ இருக்கக்கூடும். அரிக்கமேட்டின் பெருமையை வெளிப்படுத்தியவர் ஓர் அறிஞர். அவர் கையில் அதன் மணியைக் கொணர்ந்து கொடுத்தவர்களோ உங்களைப் போன்ற சிறுவர்களே. ஆதலின், விடுமுறையில் ஊர் காணச் செல்லும்பொழுது கண்ணை மட்டுமன்றிக் கருத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். கண்டதைக் குறித்து வையுங்கள்; பெரியோரிடம் கேளுங்கள்; அதனை இருந்த இடத்திலேயே இருக்கக் காத்து நில்லுங்கள்.