அலைகளை உணர்ந்த அண்ணல் ஜகதீச சந்திர போஸ்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

அறிவியல் மேதை ஒருவரின் வாழ்க்கையை எழுத வந்த நான், பழுதான ஒரு மடிக்கணினியிலிருந்து தொடங்குவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பழுதுதான் அவரை எனக்கு உண்மையாக அறிமுகம் செய்து வைத்தது.

நம் இயற்பியல் மன்றத்தில் கம்பியில்லாத் தொடர்பின் முன்னோடிகளைப் பற்றிப் பேசும் பொறுப்பைப் பேராசிரியர் எனக்கு அளித்திருந்தார். பேச்சுக்கு ஒரு வாரம் இருந்தது. பழைய விலைக்கு வாங்கிய என் மடிக்கணினி அன்றிரவு தானாகவே ஏதோ புதுப்பித்துக்கொண்டு, அணைந்து எழுந்தது. எழுந்ததும் வைஃபை இல்லை. புளூடூத் என்ற அடையாளமே திரையில் இல்லை. அறைத் தோழர்களின் கைப்பேசிகளுக்கெல்லாம் எட்டிய அலை, என் கணினிக்கு மட்டும் எட்டவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு போனேன். உள்ளேயிருக்கும் அட்டை போய்விட்டது, நாலாயிரம் ரூபாய் ஆகும் என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். தொலைபேசியில் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, வட்டிக்கு வாங்கியாவது சனிக்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொன்னார். அந்த மௌனம் என்னை வாட்டியது. அன்று மாலை நூலகத்தில் அமர்ந்து, மனம் பதியாமல் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். அது ஜகதீச சந்திர போஸின் வரலாறு.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசம் என்று வழங்கும் மண்ணில் அவர் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். அந்தப் பதவியிலிருந்தோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே அக்கால வழக்கம். அவரோ, தாய்மொழியை அறியாதவன் தன் மக்களையும் அறியமாட்டான் என்று எண்ணி, மகனை வங்காளப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஏவலாளர் வீட்டுப் பிள்ளையும் சிறுவன் ஜகதீசனோடு ஒரே வரிசையில் அமர்ந்து படித்தார்கள். பறவைகள், மீன்கள், செடிகொடிகள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே அவனுக்கு இயற்கையின் மேல் ஆர்வத்தை ஊட்டின. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியின் முதல் நாளில் ஆங்கிலச் சொற்களைக் கேட்டு மிரண்டு போன எனக்கு, இந்தப் பக்கத்தைக் கடக்க நெடுநேரம் ஆயிற்று.

பின்னர் கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும் புனித சேவியர் கல்லூரியிலும் பயின்றார். அங்கே லஃபோன் பாதிரியார் செய்துகாட்டிய சோதனைகள் அவரை இயற்பியலின் பக்கம் ஈர்த்தன. 1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். உடல்நலக் குறைவு அந்தப் படிப்பைத் தொடரவிடவில்லை. மனம் தளராமல் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். ராலே பிரபு போன்ற பேரறிஞரிடம் பாடம் கேட்டார். 1884-இல் பட்டத்தோடு மீண்டார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவரை எதிர்கொண்டது ஓர் அநீதி. ஒரே வேலைக்கு ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அவருடைய நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். அவர் உரத்துக் கூவவில்லை. வேலையை விட்டு ஓடவுமில்லை. ஒவ்வொரு மாதமும் தரப்பட்ட ஊதியத்தைத் தொட மறுத்தார். ஆனால் ஒரு வகுப்பையும் விடவில்லை. மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அவ்வளவுக்கும் அவர் குடும்பம் கடனில் இருந்தது. பொதுநலத் தொழில்களில் பணத்தை இழந்த தந்தை பெருங்கடனாளியாகியிருந்தார். இறுதியில் நிருவாகம் இறங்கி வந்தது. நிரந்தர நியமனமும், மூன்றாண்டுக்குரிய முழு ஊதியமும் ஒருசேரக் கிடைத்தன. அந்தத் தொகையை அவர் தந்தையின் கடனை அடைக்கக் கொடுத்தார்.

இதைப் படித்தபோது சனிக்கிழமைக்குள் பணம் அனுப்புவதாகச் சொன்ன என் தந்தையின் குரல் காதில் ஒலித்தது. நான் எதையும் முயன்று பார்க்காமலே அவரைக் கடனாளியாக்கப் போகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

1887-இல் போஸ் அபலா என்னும் அம்மையாரை மணந்தார். அந்த அம்மையார் அதற்குமுன் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்க இயலாமற் போயினும், பின்னாளில் பெண் கல்விக்காகப் பெரும்பணி ஆற்றினார்.

இனி அலைகளுக்கு வருவோம். மின்காந்த அலைகள் உண்டென்று மாக்ஸ்வெல் கணக்கால் காட்டினார். அவற்றை உண்டாக்கி மெய்ப்பித்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ். அவர் 1894-ஆம் ஆண்டின் முதல் நாளில், 36 வயதிலேயே மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் போசுக்கு 36 வயது நிறைந்தது. அந்தப் பிறந்தநாளில்தான் இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு என்று அவர் உறுதி பூண்டார். முறையான ஆய்வுக்கூடம் இல்லை. கல்லூரியில் ஒரு சிற்றறையும், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரின் கைத்திறனும்தான் துணை.

ஹெர்ட்சின் அலைகள் நீளமானவை. அவற்றை ஆராய விரிந்த இடம் வேண்டும். போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். அதாவது வினாடிக்கு 6,000 கோடி அதிர்வுகள்! நம் வைஃபையும் புளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். அதைவிட இருபத்தைந்து மடங்கு குறுகிய அலையை அவர் அந்தச் சிற்றறையில் ஆண்டார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத்தகடுகளைச் செருகி அலைகளை முனைவாக்கிக் காட்டினார். முறுக்கிய சணல் நாரையும் சோதனைக் கருவியாக்கினார். 1895-இல் கல்கத்தாவில் அவர் அனுப்பிய அலை 75 அடி தூரத்தைக் கடந்து, இடையிலிருந்த சுவர்களையும் தலைமை வகித்தவரின் உடலையும் ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றும் பெருமை அவரைத் தேடி வந்தது.

ஆனால் நண்பர்களே, அலையை அனுப்புவதைவிட அதை உணர்வதுதான் கடினம். அக்காலத்து உணர்கருவியில் உலோகத் துகள்கள் நிறைந்திருக்கும். அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த அலையை உணர வேண்டுமானால் கருவியைத் தட்டி, துகள்களைப் பிரிக்க வேண்டும். இந்தக் குறையை நீக்க அவர் இடைவிடாமல் முயன்றார். இரும்பும் பாதரசமும் கொண்ட, தட்டாமலே தன்னிலை திரும்பும் உணர்கருவியை 1899-இல் அறிவித்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சைகையைக் கேட்டதும் பாதரச உணர்கருவி ஒன்றின் உதவியால்தான். அதன் மூலம் போஸின் கருவியே என்று 1998-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று வாதிட்டது. கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தால் ஆன அவருடைய உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நண்பர்களின் வற்புறுத்தலால் பெற்ற அதைக்கொண்டு அவர் பணம் ஈட்டவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு பொறி தட்டியது. காற்றில் அலை இருக்கிறது. அதை உணரும் அட்டை உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வேறேதோ தவறியிருக்கலாமே! மறுநாள் காலை, கணினி அறிவியல் மூன்றாமாண்டு படிக்கும் விடுதி அண்ணன் ஒருவரை அணுகினேன். அவர் சாதன மேலாளர் பட்டியலைத் திறக்கச் சொன்னார். அதில் வைஃபை அட்டையின் பெயர் இருந்தது. அருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி. பெயர் தெரிகிறதென்றால் கணினி அட்டையைக் கண்டுகொண்டது என்று பொருள். அட்டை முற்றாகச் செத்துவிடவில்லை. அட்டைக்கும் கணினிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் டிரைவர் என்ற நிரல்தான், புதுப்பித்தலின்போது பொருந்தாத ஒன்றாக மாறியிருந்தது.

மடிக்கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, கல்லூரிக் கணினிக்கூடத்தில், தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே வைஃபை, புளூடூத் இரண்டுக்கும் உரிய டிரைவர்களைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் எடுத்து வந்தேன். தவறான டிரைவரை நீக்கிவிட்டு உரியதை நிறுவினேன். கணினி எழுந்ததும் வைஃபை வந்தது! புளூடூத் மட்டும் வரவில்லை. இரண்டும் ஒரே அட்டையில் இருந்தாலும் வைஃபை ஒரு வழியாகவும், புளூடூத் யு.எஸ்.பி. வழியாகவும் கணினியோடு பேசுகின்றன என்று அண்ணன் விளக்கினார். அந்த வழி முடங்கிக் கிடக்கிறது. அதற்குத் தேவை முழு ஓய்வு என்றார். வழக்கமாக அணைக்கும்போது கணினி முழுமையாக அணைவதில்லை. விரைவாக எழுவதற்காகப் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைத்தோம். மின்னேற்றியையும் மின்கலத்தையும் கழற்றி, மின்விசையை அரை நிமிடம் அழுத்தி வைத்தோம். மீண்டும் உயிர்ப்பித்தபோது புளூடூத் பட்டியலில் தோன்றியது. அதற்குரிய டிரைவரையும் நிறுவினேன். செலவு ஒரு காசும் இல்லை.

களைத்த கருவி ஓய்வெடுத்துத் தெளிவதை போசும் கண்டிருக்கிறார். தொடர்ந்து அலை பட்டால் அவருடைய உணர்கருவி களைத்துப் போகும். சற்று ஓய்வு தந்தால் மீண்டும் கூர்மை பெறும். உலோகத்துக்கும் களைப்பா என்ற அந்த வியப்பே அவரைத் தாவரங்களின் பக்கம் திருப்பியது. செடியின் வளர்ச்சியை ஒரு கோடி மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைப் படைத்தார். தூண்டலுக்குச் செடிகள் மின்சைகையால் மறுமொழி தருவதைப் பதிவு செய்தார். 1901-இல் லண்டனில் உடலியல் அறிஞர்கள் சிலர் அவரை எதிர்த்தனர். கட்டுரை அச்சேறாமல் நின்றது. அவர் முடிவுகள் சிலவற்றைப் பற்றிக் கருத்து வேற்றுமை இன்றும் உண்டு. ஆயினும் தாவரங்களுக்குள் மின்சைகைகள் ஓடுகின்றன என்பது இன்று நிலைபெற்ற உண்மை.

1915-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-இல் சர் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டு தம் பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1920-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிடியில் அந்தப் பெருவாழ்வு நிறைவுற்றது. அவருடைய குறுகிய அலைச் சோதனைகளை 2012-இல் உலக மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. ஒரு மைல்கல்லாக அறிவித்தது.

டிரைவர் சரியான அன்று மாலையே அப்பாவுக்குத் தொலைபேசி செய்து, பணம் வேண்டாம், நானே சரிசெய்துவிட்டேன் என்றேன். என்ன பழுது என்று கேட்டார். டிரைவர் என்றதும், வண்டி ஓட்டுகிறவரா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு போஸின் கதையைச் சொன்னேன். சம்பளம் வாங்காமலே மூன்று வருடம் பாடம் நடத்தினாரா என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை, அவர் தன் அப்பாவின் கடனை அடைத்ததை மறுபடி சொல்லச் சொன்னார்.

மன்றத்தில் தமிழில்தான் பேசினேன். தடுமாற்றம் இருந்தது, ஆனால் அச்சம் இல்லை. நண்பர்களே, உங்கள் கருவி பேசாமற் போனால் உடனே அது செத்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். அதன் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம்மைப் போன்ற முதல் தலைமுறை மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நான் எண்ணுகிறேன்.