பேர்ல் பக் அம்மையாரும் அவர் மகளும்

'நல்ல நிலம்' என்னும் நாவலால் உலகப் புகழ் பெற்றவர் பேர்ல் பக் அம்மையார். பேர்ல் என்றால் முத்து. 1892-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த இம்முத்து, கைக்குழந்தையாகவே சீனா சென்றது. பெற்றோர் அங்கே கிறிஸ்தவ சமயப்பணி புரிந்து வந்தனர்.

1920-இல் அம்மையாருக்கு ஒரு மகள் பிறந்தாள். அழகிய நீல விழிகள். ஆனால் மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. எதிலும் கவனம் நிற்கவில்லை. ஓயாமல் ஓடுவாள், அந்த ஓட்டத்துக்கு நோக்கம் இராது. இதை உணர்ந்தபோது தாய் திடுக்கிட்டார். மருத்துவர் பலரை நாடினார். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் மருத்துவர் ஒருவரே, இக்குழந்தையின் அறிவு வளராது என்று ஒளிக்காமல் கூறினார்.

தாய் மனம் கேட்குமா? சீனா திரும்பி, தாமே ஆசிரியையாகி எழுதப் படிக்கக் கற்பித்தார். ஒரு நாள், எழுத்துக்கு வழிகாட்ட மகளின் வலக்கையைப் பிடித்தார். கை வியர்வையில் நனைந்திருந்தது. மற்றக் கையும் அப்படியே! விளங்காத பாடத்தை, அம்மாவை மகிழ்விப்பதற்காகவே அச்சிறுமி படாத பாடுபட்டுச் செய்துகொண்டிருந்தாள். அம்மையார் புத்தகங்களை மூடி வைத்துவிட்டார். இதைப் படித்தபோது எங்களில் யாரும் சற்று நேரம் பேசவில்லை.

1929-இல் மகளை நியூ ஜெர்சியின் வைன்லாந்து நகரில் இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளியில் சேர்த்தார். 1931-இல் வெளிவந்த 'நல்ல நிலம்' தந்த வருவாய் அச்செலவைத் தாங்கியது. 1938-இல் நோபல் பரிசும் கிடைத்தது. மகளைப் பற்றி உலகறிய ஒரு நூல் எழுதியதோ 1950-இல்தான்.

நோயின் பெயர் பின்னாளில் தெரிந்தது: பீனைல்கீட்டோனூரியா. தாய் தந்தை இருவர் வழியாகவும் வரும் பரம்பரைக் கோளாறு. 1934-இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் இதைக் கண்டறிந்தார். பால், முட்டை, பருப்பு முதலியவற்றின் புரதத்திலுள்ள பினைல் அலனின் என்ற பொருளை உடல் மாற்ற இயலாமல், அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. 1950-களில் தனி உணவுமுறை வந்தது. 1960-களில் பச்சிளங்குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்தாலேயே நோயை அறியும் சோதனை பரவியது. உடனே உணவைக் கட்டுப்படுத்தினால் அறிவு குன்றுவதில்லை. ஆயினும் அப்பொருள் கூடும்போது, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் வகுப்பில் கவனம் நழுவக்கூடும். அது சோம்பலன்று, மூளையில் டோபமைன் குறைவதே காரணம் என அறிஞர் கருதுகின்றனர்.

அம்மையார் 1973 மார்ச் 6-ஆம் நாள் மறைந்தார். மகள் 1992 வரை வைன்லாந்திலேயே வாழ்ந்தார். எழுத்து வசப்படாத அவருக்கு இசை என்றால் உயிர். இசைத்தட்டுகள் நிறைய வைத்திருந்தார்.