காஜி வேலையும் தீராத பயணமும்: இப்னு பதூதாவின் வாழ்க்கை

வேதாரண்யம், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று நம் கடலோர ஊர்களில் ஒருவராவது சபுர் போகாத வீட்டைக் காண்பது அரிது. நம் முன்னோர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குப் போனது. எல்லாம் சம்பாத்தியத்துக்காக. இப்போது நம் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆசையும் வந்திருக்கிறது. வேலை வேலை என்று வயது போகிறது, அதற்குள் உலகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் பயணம் போகலாமா என்று சில இளைஞர்கள் என்னிடமே கேட்டதுண்டு. அவர்களுக்குப் புத்தி சொல்லும்படி பெற்றோர்களும் வந்து சொல்வதுண்டு. இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒருவரின் வரலாற்றைத்தான். அவர் இப்னு பதூதா (ரஹ்).

கல்விதான் கட்டுச்சோறு

மொராக்கோவின் தன்ஜா நகரில் ஹிஜ்ரி 703 ரஜபு மாதம், அதாவது கி.பி. 1304-இல் அவர் பிறந்தார். மாலிகி மத்ஹபைச் சேர்ந்த குடும்பம். காஜிகளையும் மார்க்க அறிஞர்களையும் தந்த குடும்பம். அவரும் ஃபிக்ஹு படித்தார். 1325-இல், 21 வயதில், ஹஜ்ஜுக்காகத் தனியாகப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிவது அவருக்கும் வேதனையாகவே இருந்தது.

துனிஸ் நகருக்குள் நுழைந்தபோது கூட வந்தவர்களை வரவேற்க ஆள்கள் இருந்தார்கள். இவருக்கு ஸலாம் சொல்லவும் ஆளில்லை. அழுதுவிட்டார். ஆனால் அதே துனிஸிலிருந்து ஹஜ் கூட்டம் கிளம்பியபோது அந்தக் கூட்டத்துக்கே காஜியாக நியமிக்கப்பட்டார். கையில் பெரிய பணம் இல்லை, படிப்பு இருந்தது. அந்தப் படிப்புக்கு அன்றைய முஸ்லிம் உலகம் முழுவதும் மதிப்பு இருந்தது. அவர் தொழிலை விட்டுவிட்டுப் பயணம் போகவில்லை, தொழிலைக் கையோடு கொண்டுபோனார்.

மக்கா, டமாஸ்கஸ், இராக், பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிஷு, கில்வா, துருக்கி, கான்ஸ்டான்டிநோபிள் என்று சுற்றி, 1333 செப்டம்பரில் சிந்து நதிக் கரைக்கு வந்துசேர்ந்தார்.

டில்லியில் பெரிய பதவி

டில்லியில் அப்போது முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சி. வெளிநாட்டு அறிஞர்களுக்கு அங்கே தாராளமாகப் பதவி கிடைத்தது. இப்னு பதூதாவை டில்லியின் காஜியாக, ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளத்தில் சுல்தான் நியமித்தார். டில்லியில் நடைமுறையில் இருந்தது ஹனஃபி மத்ஹப், இவரோ மாலிகி. பாரசீக மொழியிலும் அவருக்குத் தேர்ச்சி இல்லை. அதனால் துணைக்கு இருவர் அமர்த்தப்பட்டனர்.

பதவி பெரிதானதும் செலவும் பெரிதானது. அவருடைய கடன் 55,000 தீனார் வரை ஏறியது. அதை சுல்தானே அடைக்க வேண்டியதாயிற்று. பிறகு, சுல்தானின் கோபத்துக்கு ஆளான ஒரு ஷைகைப் போய்ப் பார்த்ததால் இவர்மீதும் சந்தேகம் விழுந்தது. காவலில் வைக்கப்பட்டார். அதிலிருந்து தப்பியதும் உலக வேலைகளை எல்லாம் விட்டு, கமாலுத்தீன் என்ற துறவியிடம் ஐந்து மாதம் இருந்தார்.

சுல்தான் மறுபடியும் கூப்பிட்டு, சீனாவுக்குத் தூதராகப் போகச் சொன்னார். பயண ஆசை உள்ளவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏற்றுக்கொண்டார்.

நம் கரைக்கு வந்த கதை

கோழிக்கோட்டில் ஜும்ஆவுக்காக அவர் கரையில் தங்கியிருந்தபோது புயல் வந்தது. சுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றிய கப்பல் நொறுங்கியது. அவருடைய உடைமைகள் இருந்த கப்பலோ அவரை விட்டுவிட்டே போய்விட்டது. டில்லிக்குத் திரும்பினால் சுல்தான் என்ன செய்வாரோ என்ற பயம். மாலத்தீவுக்குப் போனார். அங்கேயும் காஜி வேலை தேடி வந்தது. திருமணங்களும் நடந்தன. அமைச்சரோடு மனக்கசப்பு ஏற்பட்டதும் அதையும் விட்டுக் கிளம்பினார்.

இலங்கையில் ஆதம் மலைக்கு ஏறி இறங்கிவிட்டு, 1344 வாக்கில் நம் தமிழகக் கரையை நோக்கிக் கப்பல் ஏறினார். அன்று அரபிகள் இந்தக் கரையை மஅபர் என்று அழைத்தார்கள். கரையை நெருங்கும்போது கப்பல் ஆழமில்லாத இடத்தில் சிக்கியது. சிறிய தெப்பத்தில் தன்னோடு வந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, அவர் உடைந்த கப்பலிலேயே இரவைக் கழித்தார். விடிந்ததும் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர், இந்த மண்ணின் மக்கள்.

மதுரையை அப்போது ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி, இப்னு பதூதாவின் மனைவி ஒருவரின் சகோதரியை மணந்தவர். அந்த உறவு இருந்தும், பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. இழிவான செயல் என்றே பதிவு செய்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவரும் காய்ச்சலில் விழுந்து, எழுந்து, புறப்பட்டார். வழியில் கடற்கொள்ளையர்கள் உடுத்திய துணி தவிர எல்லாவற்றையும் பறித்தார்கள். அப்படியும் நிற்கவில்லை. வங்காளம், சுமத்ரா, சீனா வரை போனார்.

வீட்டில் நடந்தது

இதுவரை கேட்டால் எந்த இளைஞனுக்கும் ஆசை வரும். இனி வருவதையும் அவன் கேட்க வேண்டும்.

டமாஸ்கஸில் ஒரு மனைவியைக் கர்ப்பவதியாக விட்டுப் போயிருந்தார். மகன் பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது கிடைத்தது. குழந்தையின் பாட்டனாருக்கு 40 தங்க தீனார் அனுப்பினார். 1348-இல், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, டமாஸ்கஸ் திரும்பி மகனைப் பற்றி விசாரித்தார். அவன் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாலத்தீவில் பிறந்த இன்னொரு மகனை இரண்டு வயதில் ஒருமுறை போய்ப் பார்த்தார். தாயிடமிருந்து பிரிக்க மனமில்லாமல் அங்கேயே விட்டு வந்தார்.

டமாஸ்கஸிலேயே தன் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தார். தந்தை வஃபாத்தாகி 15 ஆண்டுகள் ஆகிவிட்டன, தாய் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. அப்போது கொள்ளைநோய் ஊர் ஊராக மனிதர்களை வாரிக்கொண்டிருந்தது. அவர் எகிப்து வழியாக மக்கா சென்று மறுபடியும் ஹஜ் செய்தார். பிறகுதான் ஊர்ப் பக்கம் திரும்பினார். 1349 நவம்பரில் மொராக்கோவின் தாஸா நகரை அடைந்தபோது, தாய் அதே நோயில் இறந்துவிட்ட செய்தி வந்தது. 24 ஆண்டுகள் கழித்து வந்தவர் தாயின் கப்ரைத்தான் ஸியாரத் செய்தார்.

அவர்மீது தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் முன்பே பலமுறை ஹஜ் செய்தவர் அவர். அந்தச் செய்தி கிடைத்த நாளிலேயே நேராக ஊருக்குத் திரும்பியிருந்தால் தாயின் முகத்தைப் பார்த்திருப்பாரோ என்ற கேள்வி, இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது. நஃபிலான ஹஜ்ஜுக்கும் பெற்றோரின் உரிமைக்கும் இடையே எது முந்தும் என்பதை அந்த ஃபிக்ஹு அறிஞர் அறியாதவர் அல்லர்.

அதன்பின் ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கும் சென்று வந்தார். பிறகு மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி, இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுத, தன் பயணங்களைச் சொன்னார். 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. பிறகு மீதி வாழ்நாளைச் சொந்த நாட்டில் காஜியாகவே கழித்தார்.

நமக்கு

பெற்றோர்களே, பிள்ளையின் பயண ஆசையை வீண் ஆசை என்று ஒதுக்காதீர்கள். அந்த ஒரு மனிதர் நடந்திராவிட்டால் 14-ஆம் நூற்றாண்டின் மஅபரைப் பற்றி, மாலத்தீவைப் பற்றி, மாலியைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இல்லை.

இளைஞர்களே, முதலில் எந்த ஊரிலும் செல்லுபடியாகும் ஒரு தொழிலைக் கையில் பிடியுங்கள். கடன் வாங்கி ஊர் சுற்றாதீர்கள். புறப்படும் முன் வீட்டில் காத்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். வாப்பாவின் ஜனாஸாவைக் கைபேசித் திரையில் பார்த்து அழுத சபுராளிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்கள் பிழைப்புக்காகப் போனவர்கள், வேறு வழி இருக்கவில்லை. ஆசைக்காகப் போகிறவருக்கு வழி இருக்கிறது. தேதி குறித்துப் போகலாம், தேதி குறித்துத் திரும்பலாம். முடிந்தால் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

நம் பயணங்களையும் சம்பாத்தியத்தையும் அல்லாஹ் பரக்கத் ஆக்குவானாக. நமக்காகக் காத்திருப்பவர்களிடம் உரிய நேரத்தில் நம்மைக் கொண்டுசேர்ப்பானாக. ஆமீன்.