303 துப்பாக்கியால் போன மந்திரி பதவி! சென்னையில் படித்த கிருஷ்ணமேனன் கதை

டோல்கேட்: திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட் பக்கம் புல்லட் சத்தம் புதுசு இல்லை. 1955-ல் இருந்தே இந்த ஏரியாவுக்கு அது பழகிப்போன சத்தம். அந்த வருஷம்தான் என்பீல்டு கம்பெனி மெட்ராசுக்கு வந்தது. முதல் பெரிய கிராக்கியே ராணுவம்தான். எல்லையில் ரோந்து சுற்ற புல்லட் வாங்கினார்கள்.

ஆனால் என்பீல்டு என்ற பேரே துப்பாக்கியில் இருந்து வந்தது என்பது பலருக்கு தெரியாது. இங்கிலாந்தில் என்பீல்டு என்று ஒரு ஊர். அங்கே அரசு துப்பாக்கி தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரி பாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனிதான் அந்த பேரை வைத்துக்கொண்டது. மோட்டார் சைக்கிளில் பீரங்கி சின்னம் இருந்ததும் அதனால்தான்.

அதே என்பீல்டு பேரில் ஒரு துப்பாக்கி இருந்தது. பேர் லீ என்பீல்டு. நம்ம ஊர் பாஷையில் '303'. அந்த துப்பாக்கியை தோளில் போட்டுக்கொண்டு நம்ம ஜவான்கள் 1962-ல் சீனாவோடு மோதினார்கள். அந்த போரில் பதவி பறிபோன ராணுவ மந்திரிதான் வி.கே.கிருஷ்ணமேனன். அவர் படித்ததும் வளர்ந்ததும் நம்ம மெட்ராஸ் மாகாணத்தில்தான்.

கோழிக்கோடு பையன்

1896 மே 3-ந்தேதி கோழிக்கோட்டில் பிறந்தார் மேனன். அப்போது மலபார் மாவட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. அப்பா வக்கீல். வசதியான குடும்பம்.

கோழிக்கோட்டில் படித்துவிட்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். பிறகு சட்டக்கல்லூரி. அங்கே படிக்கும்போது அன்னிபெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. அடையாறு பிரம்மஞான சபையே கதி என்று கிடந்தார். சாரணர் இயக்கத்திலும் வேலை பார்த்தார்.

1924-ல் லண்டனுக்கு கப்பல் ஏறினார். கொஞ்ச நாள் படித்துவிட்டு திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் 28 வருஷம் அங்கேயே இருந்துவிட்டார்.

டீ மட்டுமே சாப்பாடு

லண்டனில் மேனன் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. வக்கீல் தொழிலில் பெரிய வருமானம் கிடையாது. இந்தியா லீக் என்ற அமைப்பை நடத்தி, இந்தியாவுக்கு சுதந்திரம் கொடு என்று தெருத்தெருவாக பேசினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாட்டை விட டீதான் அதிகம். ஒரு நாளைக்கு கணக்கு வழக்கில்லாமல் டீ குடிப்பார்.

பெலிகன் என்ற பேரில் மலிவு விலை அறிவு புத்தகங்கள் 1937-ல் வரத் தொடங்கின. அதன் ஆரம்ப கால ஆசிரியர்களில் மேனனும் ஒருவர். லண்டன் செயின்ட் பாங்ரஸ் பகுதி மக்கள் அவரை கவுன்சிலராக தேர்ந்தெடுத்தார்கள். 1934 முதல் 1947 வரை அந்த பதவியில் இருந்தார். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வெள்ளைக்காரன் தெருவுக்கு குழாய், விளக்கு, நூலகம் என்று பார்த்து பார்த்து செய்தார். அந்த நகரசபை பிறகு அவருக்கு கவுரவ பட்டமே கொடுத்தது.

இந்த காலத்தில்தான் நேருவோடு நட்பு ஏற்பட்டது. சாகும் வரை அது உடையவில்லை.

ஜீப் சர்ச்சை

சுதந்திரம் கிடைத்ததும் மேனன் லண்டனில் இந்திய தூதர் ஆனார். 1948-ல் காஷ்மீர் சண்டைக்காக அவசரமாக ஜீப் வாங்க ஒப்பந்தம் போட்டார். விதிமுறைப்படி செய்யவில்லை, வந்த ஜீப்புகள் ஓடவில்லை என்று பார்லிமென்டில் புயல் கிளம்பியது. சுதந்திர இந்தியாவின் முதல் ராணுவ ஊழல் புகார் என்று இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். 1955-ல் அரசு அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. மறுவருஷமே மேனன் மத்திய மந்திரி ஆனார்.

1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீருக்காக சுமார் 8 மணி நேரம் பேசினார். நடுவில் மயங்கி விழுந்தார். எழுந்து வந்து மறுபடி பேசினார். நாடே அவரை தலையில் தூக்கி வைத்து ஆடியது. அந்த ஏப்ரலில் ராணுவ மந்திரி பதவி தேடி வந்தது.

எல்லாம் உள்ளூரிலேயே செய்வோம்

மேனனுக்கு ஒரே பிடிவாதம். ஆயுதத்துக்கு வெளிநாட்டுக்காரனிடம் கை ஏந்தக்கூடாது, நம்ம தொழிலாளி செய்யட்டும் என்பதுதான் அது. ஜபல்பூரில் சக்திமான் லாரி தயாரானது. பெங்களூரில் மாருத் போர் விமானம் 1961-ல் பறந்தது. நம்ம ஆவடியில் டாங்கி தொழிற்சாலை 1961-ல் உருவானது. அங்கிருந்து விஜயந்தா டாங்கி 1965-ல் வெளியே வந்தது. ஆவடியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது இதனால்தான்.

எதிர்க்கட்சிகள் சும்மா விடவில்லை. ராணுவ தொழிற்சாலையில் காபி மெஷினும் குக்கரும் செய்கிறார்கள் என்று கிண்டல் அடித்தார்கள்.

தளபதிகளோடும் மோதல். 1959-ல் ராணுவ தளபதி திம்மய்யா ராஜினாமா கடிதமே கொடுத்துவிட்டார். நேரு சமாதானம் செய்து அதை வாபஸ் வாங்க வைத்தார்.

துப்பாக்கி பிரச்சினை

இந்த நேரத்தில்தான் துப்பாக்கி பிரச்சினை வந்தது. அப்போது ஜவான்கள் கையில் இருந்தது 303. கல்கத்தா பக்கத்தில் உள்ள இஷாப்பூரில் தயாரானது. அதன் அடிப்படை மாடல் 1907-ல் வந்தது.

303 நல்ல துப்பாக்கிதான். தூரத்தில் இருப்பவனையும் குறி தவறாமல் அடிக்கும். சேறு, மழை எதற்கும் அசையாது. ஆனால் ஒவ்வொரு தடவை சுட்டதும் போல்ட்டை கையால் தூக்கி, இழுத்து, தள்ளி பூட்ட வேண்டும். நல்ல பயிற்சி உள்ள ஆள் நிமிடத்துக்கு 15 தடவை குறி பார்த்து சுடலாம். 10 தோட்டா பிடிக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. சுடும்போது வரும் புகையின் அழுத்தமே உள்ளே இருக்கும் பிஸ்டனை தள்ளும். காலி தோட்டா தானாக வெளியே விழும். அடுத்த தோட்டா தானாக ஏறும். ஆள் விசையை அழுத்தினால் போதும். ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு. கண்ணை குறியில் இருந்து எடுக்கவே வேண்டாம்.

உலகமே அந்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கா 1936-லேயே கேரண்டு என்ற செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு மாறிவிட்டது. ரஷ்யாவில் சிமோனவ் என்பவர் எஸ்.கே.எஸ். ரைபிளை உருவாக்கினார். சீனா 1956 முதல் அதை அப்படியே காப்பி அடித்து செய்தது. பெல்ஜியம் நாட்டு கம்பெனி பால் என்ற ரைபிளை கொண்டுவந்தது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அதையே கொஞ்சம் மாற்றி எஸ்.எல்.ஆர். என்று வைத்துக்கொண்டன.

எது உசத்தி?

எஸ்.கே.எஸ்., பால் இரண்டுக்குமே குழல் அளவு 7.62 மி.மீ. வித்தியாசம் தோட்டா நீளத்தில் இருக்கிறது. சீன ரைபிளின் தோட்டா கூடு 39 மி.மீ., பெல்ஜியம் ரைபிளுக்கு 51 மி.மீ. நீளம் கூடினால் மருந்து கூடும். மருந்து கூடினால் வேகமும் தூரமும் கூடும்.

எஸ்.கே.எஸ். எடை 4 கிலோவுக்கும் குறைவு. தோளில் உதைப்பது கம்மி. நிமிடத்துக்கு 35 முதல் 40 குண்டு வரை சுடலாம். கத்தி கூடவே மடங்கி இருக்கும். புது ஆளுக்கும் சீக்கிரம் கைவரும். ஆனால் 10 தோட்டாதான். சுமார் 400 மீட்டருக்கு மேல் போனால் பலம் குறையும்.

பால், எஸ்.எல்.ஆர். ரகத்தில் 20 தோட்டா பெட்டி. தீர்ந்தால் பெட்டியை கழற்றி வேறு பெட்டி மாட்டலாம். 600 மீட்டர் வரைக்கும் பதில் சொல்லும். ஆனால் எடை 4 கிலோவுக்கு மேல். நீளம் ஒரு மீட்டருக்கும் அதிகம். உதை பலமாக இருக்கும். தொடர்ச்சியாக சுட்டால் கையில் நிற்காது. அதனால்தான் இங்கிலாந்தும் இந்தியாவும் ஒவ்வொன்றாக சுடும்படி மட்டும் வைத்துக்கொண்டன.

மலையும் மைதானமும் கலந்த நம்ம எல்லைக்கு எஸ்.எல்.ஆர். ரகம்தான் சரி என்று முடிவானது. ஆனால் பெல்ஜியம் கம்பெனியோடு பேச்சு படியவில்லை. ராயல்டி பணம் அதிகம் கேட்டார்கள். தங்கள் ஆட்களை வைத்துத்தான் தயாரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இந்தியா ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம என்ஜினீயர்களே மூன்று நாட்டு ரைபிள்களையும் பிரித்து பார்த்து, சொந்தமாக ஒன்றை வடிவமைத்தார்கள். வேலை நடந்தது. காலமும் ஓடியது.

1962 அக்டோபர் 20

அன்று அதிகாலையில் சீனப்படை நாம்கா சூ ஆற்றை தாண்டி பாய்ந்தது. லடாக்கிலும் தாக்குதல். நம்ம ஜவான்கள் கையில் அதே 303. பல பேருக்கு குளிர் தாங்கும் உடுப்பு கூட இல்லை. விரைத்துப்போன விரலால் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டிய நிலை. எதிரி விசையை அழுத்திக்கொண்டே வந்தான்.

ஆனாலும் நம்ம ஆட்கள் ஓடவில்லை. நவம்பர் 18-ந்தேதி ரெசாங் லா மலையில் மேஜர் சைத்தான் சிங்கும் அவரோடு நூறுக்கும் மேற்பட்ட ஜவான்களும் கடைசி தோட்டா வரை நின்று உயிரை விட்டார்கள்.

ஒரு மாதத்தில் போர் முடிந்தது. அரசு கணக்குப்படி 1,383 வீரர்கள் பலி. சுமார் 4 ஆயிரம் பேர் கைதானார்கள். மெட்ராசில் பெண்கள் நகைகளை பாதுகாப்பு நிதிக்கு கழற்றி கொடுத்தார்கள்.

நாடு முழுக்க மேனன் மேல் கோபம். அக்டோபர் 31-ந்தேதி ராணுவ இலாகாவை நேரு எடுத்துக்கொண்டார். நவம்பர் 7-ந்தேதி மந்திரிசபையில் இருந்தே மேனன் வெளியேறினார்.

குற்றவாளி யார்?

மேனன் ஒருத்தர் மட்டுமே காரணமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

ஆயுதம் வாங்க அன்னிய செலாவணி இல்லை, நிதி இலாகா கையை விரித்தது என்று அவர் பக்கம் பேசுபவர்கள் சொல்கிறார்கள். சீனா அடிக்காது என்று நம்பியது நேருவும்தான். அதே நேரம் சொந்தமாக செய்கிற வரைக்கும் கொஞ்சம் ரைபிளாவது அவசரத்துக்கு வாங்கியிருக்கலாமே என்று எதிர் பக்கம் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தோல்வியை விசாரித்த ஹென்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை அரசு மக்களுக்கு வெளியிடவே இல்லை.

கொடுமை என்னவென்றால், இந்தியா தயாரித்த எஸ்.எல்.ஆர். 1963-ல் ராணுவத்துக்கு வந்தது. போர் முடிந்த மறுவருஷம்! 1971 வங்கதேச போரில் நம்ம ஜவான்களின் முக்கிய ஆயுதம் அதுதான். திருச்சியில் 1966-ல் துப்பாக்கி தொழிற்சாலையும் வந்தது.

303 மட்டும் போகவில்லை. ராணுவத்தில் இருந்து போலீசுக்கு வந்தது. 2008-ல் மும்பை ரெயில் நிலையத்தில் ஏ.கே. துப்பாக்கியோடு வந்த பயங்கரவாதிகளுக்கு எதிரே போலீஸ்காரர்கள் சிலர் பழைய 303-ஐ வைத்துக்கொண்டுதான் நின்றார்கள். உத்தரபிரதேச போலீஸ் 2020-ல்தான் அதற்கு விடை கொடுத்தது.

கடைசி காலம்

பதவி போன பிறகு மேனன் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாக வாதாடினார். 1967 தேர்தலில் காங்கிரஸ் சீட் தரவில்லை. சுயேச்சையாக நின்று தோற்றார். ஆனால் 1969-ல் வங்காளத்தில் மிட்னாப்பூரிலும், 1971-ல் திருவனந்தபுரத்திலும் ஜெயித்து பார்லிமென்டுக்கு போனார். 1974 அக்டோபர் 6-ந்தேதி டெல்லியில் காலமானார். வயது 78.

ஆவடியில் இன்றைக்கும் டாங்கி தயாராகிறது. அதை தொடங்கிவைத்த காலத்து மந்திரிக்கு 303-ஐ மட்டும் நேரத்துக்கு மாற்ற முடியாமல் போனது. அந்த தாமதத்துக்கு விலை கொடுத்தது பனிமலையில் நின்ற ஏழை வீட்டு பிள்ளைகள் என்பது குறிப்பிடத்தக்கது.